கார்டு வண்டியில் வந்த தண்ணீர்

எங்கள் பெரியம்மாவுக்கு மெட்ராஸில் பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர். அது ஒன்று போதாதா?

பெரியப்பா ஒரு கிளை ரயில்பாதையில், பொட்டல்காட்டு ஸ்டேஷன் ஒன்றுக்கு மாஸ்டராக இருந்தவர். ரிட்டயரானதும் இருவரும் மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை, வேறு எங்கே போவார்கள்? அது தொண்ணூறுகளில் ஒரு வறண்ட கோடை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். அம்மா டம்ளர் டம்ளராக அளந்து கொடுப்பாள்.

வந்த அன்றே பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "தொண்டையில இறங்கவே மாட்டேங்குதே. நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் கெடைச்சாப் போதும்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "லாரி பின்னாடி ஓடறவளுக்குத்தானே தெரியும்" என்று அடுப்படியில் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

பெரியப்பாவோ வந்ததிலிருந்து பால்கனி நாற்காலியே கதி என்று கிடந்தார். சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. எதைக் கேட்டாலும் "ம்" என்பார். பெரியம்மா இரண்டு வாரமாகச் சரியாகத் தண்ணீரே குடிக்கவில்லை என்றதும்தான் மனிதர் எழுந்தார். எழும்பூர் போய், தெரிந்த ரயில் கார்டு ஒருவரிடம், கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டு வந்தார்.

ரயில்வேக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டு முருங்கைக்காயோ மருந்தோ, ஒரு கார்டு கையிலிருந்து அடுத்த கார்டு கைக்கு மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாம்பலம் ஸ்டேஷனில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் வந்து இறங்கியது. பெரியப்பாவின் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன், பழைய பச்சைக் கொடியைக் கிழித்து அதன் வாயைக் கட்டியிருந்தார்.

அம்மா வழக்கம்போல அதைக் கொதிக்கவைக்கப் பாத்திரத்தோடு வந்தாள். பெரியம்மா கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "கொதிக்க வச்சா அப்புறம் அது என்ன தண்ணி?"

அதிலிருந்து ஞாயிறுதோறும் நானும் பெரியப்பாவும் மாம்பலம். அவர் விடியும்போதே சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்பிவிடுவார். பஸ் கண்டக்டர் எங்கள் காலி கேனைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "இன்னா பெர்சு, மெட்ராஸே தண்ணி லாரி பின்னால ஓடிக்கினு கீது. நீ ரயில்ல தண்ணி வருதுன்றியே?"

பஸ்ஸிலேயே கதை ஆரம்பமாகும். அந்த ஸ்டேஷனை வெள்ளைக்காரன் ஊருக்காகக் கட்டவில்லையாம்; ஊர் மூன்று மைல் தள்ளி இருந்ததாம். பொட்டலில் ஒரு கிணறு, கற்கண்டுத் தண்ணீர். நீராவி இன்ஜினுக்கு வழியில் தண்ணீர் பிடிக்க வேண்டுமே, அதற்காகத்தான் ஒரு பிளாட்பாரமும் ஓட்டுக்கூரையும் குவார்ட்டர்ஸும். டீசல் வந்தபிறகு இன்ஜினுக்குத் தாகமில்லை. கிணறு இவர்கள் இருவருக்குமாக மிஞ்சியது. மாற்றல் வந்தபோதெல்லாம் யார் காலையாவது பிடித்து அங்கேயே திரும்பிவிட்டாராம். ஆளில்லாத காட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆனால் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால், எனக்கே அங்கே போய்விட வேண்டும்போல ஏக்கமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டு வெறும் கையோடு இறங்கினார்.

"மாஸ்டர், இனிமே வராது. அந்த லைனை மூடிட்டாங்க. அகலப் பாதை போட்டாலும் உங்க ஸ்டேஷன்ல நிக்காதாம். பூட்டுப் போட்டாச்சு."

பெரியப்பா தலையை ஆட்டினார். வண்டி கிளம்பியபோது, கொடி காட்டுவதைப்போல வெறுங்கையை உயர்த்தி, கடைசிப் பெட்டி மறையும்வரை அப்படியே நின்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழவே இல்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து, பிளாட்பாரக் குழாயில் கேனை நிரப்பினார். பச்சைத் துணியால் வாயைக் கட்டினார்.

"பாப்பா, பெரியம்மாகிட்ட மூச்சு விடாத. ஸ்டேஷனே இல்லன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

வீட்டில் பெரியம்மா வழக்கம்போல டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். பிளீச்சிங் பவுடர் நெடி இரண்டடி தள்ளி நின்ற எனக்கே அடித்தது. அவள் பெரியப்பாவையே கொஞ்சநேரம் பார்த்தாள். "அதே தண்ணிதான்" என்று மீதியையும் குடித்தாள். அப்பாடா! இவளுக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

பல வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு ஞாயிறு, பெரியப்பா காபி குடித்துவிட்டுப் பழையபடி பால்கனியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் நரைத்த முள்தாடி. "இந்த வாரம் வேணாம். கேன்ல பாதிக்கு மேல இருக்கே" என்றார்.

பெரியம்மா கேனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போனாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவ்வளவு தண்ணீரையும் சாக்கடையில் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விடாமல்!

பால்கனிக்கு வந்து, "தீந்துபோச்சுங்க. நாக்கு வறளுது. வண்டி வர்ற நேரமாச்சு, போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பெரியப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்தார். சவரம் செய்தார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே குடத்தோடு தவம் கிடக்கிறது, இந்தப் பொம்பளைக்கு இருக்கிற திமிரைப் பார்! வயசான மனுஷனை இப்படியா அலையவிடுவாள்? பஸ்ஸில் பெரியப்பா ஸ்டேஷன் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் காதிலேயே வாங்கவில்லை. பெரியம்மா செய்த அக்கிரமம் இவருக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் மனசு உடைந்துபோவார் என்று, காலி கேனை மடியில் வைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தேன்.