இருபது கண்ணிலும் ஒரே விரிசல்

சூளையில் வைத்த பீங்கான் வெடித்தால், குற்றவாளியை நீங்கள் எங்கே தேடுவீர்கள்? களிமண்ணிலா, அதைத் தொட்ட பெண்ணின் உடம்பிலா?

நாகூர் ஃபஹ்மிதா ஷார்ஜாவில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருஷம் கணினியில் உதிரிபாகங்கள் வரைந்தவர். ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியில் சென்ட்டும் போர்வையும் கொண்டுவருவார்கள். 2015இல் இவர் கொண்டுவந்தது ஒரு த்ரீடி பிரிண்டர். தாராசுரத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் செல்லதுரையின் பட்டறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினார்.

பக்கத்துத் தெருவில் பட்டு நூல் முறுக்கும் வெளிநாட்டு மெஷின் ஒன்று நின்றுபோயிருந்தது. நூல் நுழைந்து ஓடும் பீங்கான் வளையங்கள் பதினாறும் தேய்ந்துவிட்டன. அங்கே அவற்றைக் 'கண்' என்பார்கள். புதுக் கண் கப்பலில் வர இரண்டு மாதம். இருபது நாளில் தருகிறேன் என்றார் ஃபஹ்மிதா.

"தேறலேன்னா பழையபடி ஃபியூஸ் கட்டைதாம்மா. மூலையைக் காலி பண்ணிக் கொடுத்துடணும்," என்றார் செல்லதுரை.

சுட்டால் களிமண் சுருங்கும். அதற்காக எட்டில் ஒரு பங்கு பெரிதாக வரைந்தார். மதியத்துக்குள் பிரிண்டர் பிளாஸ்டிக் மாதிரியைக் கட்டி முடித்தது. அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு, அச்சுக்குள் பீங்கான் கூழ். இரும்பில் வெட்டியிருந்தால் அச்சுக்கே ஒரு மாதம் ஆகியிருக்கும்.

பத்தாம் நாள் சூளை திறந்தது. உபரி நாலும் சேர்த்து இருபது செய்திருந்தார். இருபதிலும் விரிசல்.

"கண் பட்டிருக்கு. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடலாம்." செல்லதுரை குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்கம்மா, தூரமான நாள்ல சூளைகிட்ட வந்தீங்களா?"

முப்பது வருஷம் நெருப்போடு வேலை செய்தவர் கேட்கிற கேள்வி இது. எத்தனை பெண்களின் வேலையைத் தின்ற கேள்வி!

ஃபஹ்மிதா விரிசல் விட்டவற்றை வரிசையாக அடுக்கினார். "பாருங்கண்ணே. இருபதும் ஒரே இடத்துல விட்டிருக்கு. கண் வச்சவன் ஸ்கேல் வச்சு அளந்தா வச்சான்?"

வளையம், மெஷினில் செருகும் காம்போடு சேரும் உள்மூலை கூர்மையாக இருந்தது. காயும்போது மண் இரண்டு பக்கமும் இழுக்க, அங்கேதான் கிழிந்திருந்தது. கணினியில் அந்த மூலையை வளைத்தார். புது மாதிரியில் பிரிண்டர் விட்டிருந்த கோடுகளை உப்புத்தாளால் தேய்த்தார். கோடு பீங்கானில் பதிந்தால் பட்டு சிக்கும். மறுபடி அச்சு, மறுபடி கூழ். பதினெட்டாம் நாள் சூளை வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு அந்த நாள்தாண்ணே. நானே அடுக்குறேன்."

செல்லதுரை வழிவிட்டார்.

இருபதாம் நாள் பத்தொன்பது கண்கள் முழுசாக வந்தன. தட்டினால் கணீரென்றது. ஒன்று மட்டும் தரையில் உடைந்து கிடந்தது.

"அது நான் எடுக்கறப்ப கைதவறிடுச்சும்மா."

"நீங்க என்ன நாள்ல இருக்கீங்கண்ணே?"

பட்டறையே சிரித்தது. கடைசியாகச் செல்லதுரையும். சாயங்காலம் மெஷினில் ஓர் இழை அறாமல் பட்டு ஓடியது. மூலை இப்போது பாதிப் பட்டறையாகிவிட்டது.

அடுத்த முறை உங்கள் பட்டறையில் எது வெடித்தாலும் துண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடியுங்கள். வாசலோடு நிறுத்தி வைத்திருக்கும் பெண்ணை உள்ளே கூப்பிடுங்கள், இன்றைக்கே.