நிமிர்த்திய இறக்கை

கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் வெட்டுவது என் வேலை. தென்காசியில் கடை. அட்டை வளைந்து வந்தால் மேலே பலகை போட்டு அரிசி மூட்டையை ஏற்றிவிடுவேன். ரெண்டு நாளில் நிமிர்ந்துவிடும்.

அத்தானுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, மோட்டார் காயில் கட்டுகிற தொழில். ரிமோட் விமானம் செய்து பறக்கவிடுவதில் கிறுக்கு. போன குற்றால சீசனில் ஒரு தெர்மாகோல் இறக்கையைக் கலர் டேப் ஒட்டக் கொடுத்தார். நுனிக்குப் போகப் போக ஒடுங்கிய இறக்கை. ரெண்டு நுனியும் முன்பக்கம் லேசாகக் கீழே முறுகியிருந்தது. வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். மூட்டையை ஏற்றினேன். நிமிர்ந்ததும் டேப் ஒட்டிக் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

குத்துக்கல்வலசையில் வீடு கட்டாத பிளாட்டில் பறக்கவிட்டார். குற்றாலம் பக்கமிருந்து சாரல் காற்று. தரையிறக்க வேகத்தைக் குறைத்தார். விமானம் அவருக்கு நேரே வந்தது. சட்டென்று ஒரு இறக்கை சரிந்து, சுழன்று, அவர் மேலேயே விழுந்தது. ரெண்டு கையிலும் ரிமோட். மூக்கில் சுழன்ற விசிறி இடது கண்ணில் வெட்டியது.

கண் போய்விட்டது.

"என் கைதான் மாப்ள தப்புப் பண்ணிட்டு" என்றார் ஆஸ்பத்திரியில். அதன்பிறகு காயில் சுற்றும்போதும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். காயில் கடையைக் கொடுத்துவிடப் போவதாக அக்கா சொன்னாள்.

இந்த சீசனில் கடைசியாக ஒன்று என்று புது இறக்கை கொண்டுவந்தார். அதே முறுகல்.

"வளஞ்சிருக்கே அத்தான்."

"நாந்தாம்லே வளச்சேன். வேகம் கொறஞ்சா இறக்க தூக்குறத விட்டுரும். இந்த முறுகல் இருந்தா நடுப்பக்கம் மொதல்ல விடும். மூக்கு தாழும், சுதாரிச்சுக்கலாம். ஒடுங்குன நுனி மொதல்ல விட்டா ஒருபக்கமா கவுந்துரும். போன தடவையும் வச்சேன். அப்பவும் கவுந்துட்டே. கை போயிட்டு மாப்ள, வேறென்ன?"

மூட்டை மூலையில் இருந்தது. அதைக் காட்டினேன்.

"கை போகல அத்தான். போன தடவ நான் நிமித்திட்டேன். அதுக்கு அடியில வச்சு."

மூட்டையைப் பார்த்தார். இறக்கை நுனியைத் தடவினார்.

"எத்தன நாளு?"

"ரெண்டு நாளு."

இறக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டேப் என்னிடமே கிடந்தது.

அடுத்த வாரம் அதே பிளாட்டில் பறக்கவிட்டார். டேப் ஒட்டாத வெள்ளை இறக்கை. நானும் போனேன். உயரத்தில் வைத்து வேகத்தைக் குறைத்தார். மூக்கு தாழ்ந்தது. இறக்கை சரியவில்லை. நிமிர்ந்து பறந்தது. மறுபடி குறைத்தார். மறுபடி.

கடையை இன்னும் நடத்துகிறார். என்னோடு பேச்சு இல்லை. அன்றைக்கு நான் நின்றது அவருக்கு இடது பக்கம். நான் வந்தது அவருக்குத் தெரியாது.