துடக்கு வீட்டில் ஒரு பானை அவரை

பிள்ளைகளே, இன்று அவரைக்கொட்டையோடு புகையூட்டிய பன்றி இறைச்சியைப் போட்டு அவியவிட்டேன். மூடியைத் திறந்ததும் அந்த மணத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அழுகை வரவில்லை. பழைய ஒரு நாள்தான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஒன்பது வயது. ஊரில் ஷெல் விழுந்து அம்மாவின் தம்பி இறந்துபோனார். வெளிநாட்டில் நாங்கள் குடியிருந்த தோர்ண்டன் ஹீத்துக்குச் செய்தி போனில் வந்தது. துடக்கு வீட்டில், அதாவது சாவுத் தீட்டுள்ள வீட்டில், அடுப்பு மூட்டாமல் அயலவர் தரும் மரக்கறிச் சாப்பாடுதான் சாப்பிடுவோம். எங்கள் அயலில் தமிழர் இல்லை. மூன்றாம் நாள் மேல்மாடி மரியா, போர்த்துக்கல்காரி, இதே போல அவரையும் இறைச்சியும் அவித்த ஒரு பானையை என்னிடம் தந்தார். அவர் வீட்டில் அதை நான் சாப்பிட்டிருக்கிறேன். என்ன இறைச்சி என்று தெரியும்.

அம்மா மூன்று நாளாகத் தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் தொடவில்லை. நான் இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவரையை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

"மரக்கறிதானே அப்பன்?"

"ஓம் அம்மா."

சுவரைப் பார்த்தபடி முழுவதையும் சாப்பிட்டார்.

வேலையால் வந்த அப்பா பானையை மோந்து பார்த்தார். "டேய், இது பண்டியெல்லோ! கொம்மா சாப்பிட்டவவோ?"

தலையாட்டிவிட்டு அடிக்குக் காத்திருந்தேன்.

"வடிவாச் சாப்பிட்டவவோ?"

"ஓம்."

அப்பா கதிரையில் இருந்தார். "கேட்டால், அப்பாதான் தந்ததெண்டு சொல்லு."

அம்மா கேட்கவே இல்லை. அடுத்த நாள் பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு தானே மரியா வீட்டுக்குப் படியேறினார்.

அவரை வெந்துவிட்டது. பள்ளியால் வந்து சாப்பிடுங்கள். என்ன இறைச்சி என்று உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன்.