மனைவி ஓட்டிய காரில் மிச்சம் முதல் பார்க்கிங் வரை

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போவது எப்படி என்று எழுதியவர்கள் நிறையப் பேர். எந்தத் தடுப்பூசி, எந்த நுளம்பு வலை, எத்தனை கிலோ பொதி, எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. போகுமுன் நானும் அவற்றை வாசித்து, முக்கியமானதைச் சிவப்பிலும் மற்றதைப் பச்சையிலும் அடிக்கோடிட்டேன். திரும்பி வந்து வீட்டில் எப்படி இருப்பது என்று ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்குத் தகுதி உண்டோ தெரியாது, ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன்.

கவுன்சிலின் கணக்குப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மலாவியின் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு மாதம் கணிதம் படிப்பித்துவிட்டு இந்தக் கோடையில் லண்டன் திரும்பினேன். வந்து மூன்றாவது ஞாயிறு, தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்துக்குப் போன பயணம் இது. தூரம் பதினெட்டு மைல்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். குழாயில் தண்ணீர் சும்மா ஓடினால் எனக்குப் பதறுகிறது. மின்சாரம் இருக்கும்போதே எல்லாவற்றையும் சார்ஜ் செய்துவிட வேண்டும் என்று தோன்றுவதால் வீட்டில் ஒரு பிளக்கும் காலியாக இல்லை. சுப்பர்மார்க்கெட்டில் தயிர் வரிசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இத்தனை வகையில் எதை எடுப்பது என்று தெரியவில்லை. தயிர் இல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

இவற்றைவிட மோசம் நலம் விசாரிப்பது. மலாவியில் நான் இருந்த ஊரில் காலையில் யாரைக் கண்டாலும் ‘எப்படி எழுந்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘நன்றாக எழுந்தேன், உங்களைத்தான் தெரியாது’ என்பது மறுமொழி. உடனே அவர் தன் நலத்தைச் சொல்வார். சுபாவத்தில் பயந்த ஆளான எனக்கே இது பழகிவிட்டது. வந்த கிழமை மிச்சம் டிராமில் பக்கத்தில் இருந்தவரை இப்படிக் கேட்டேன். அவர் அடுத்த தரிப்பில் இறங்கிப் பின்கதவால் மறுபடி ஏறிக்கொண்டார். என்னிடம் ‘மலாவி எப்படி?’ என்று கேட்பவர்களோ, நான் கதையில் விமானம் ஏறுமிடத்துக்கு வருமுன்னே மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள்.

பார்க்கிங்கில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர் மாணிக்கம். மலேசியத் தமிழர், இங்கே படிக்க வந்து தங்கிவிட்ட பொறியியலாளர். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பிடித்துத் தந்தவரும் அவர்தான். இரண்டு நாட்களுக்கு முன் தலைமையாசிரியர் எனக்கும் மாணிக்கத்துக்கும் எழுதியிருந்தார்: ஜனவரியில் மறுபடி வர முடியுமா, ஒக்டோபர் முடிவுக்குள் சொல்லுங்கள். எனக்குப் போக ஆசை. மனைவி சறோவிடம் இன்னும் சொல்லவில்லை. மாணிக்கம் வாசலிலேயே அந்தப் பேச்சை எடுப்பார் என்பது நிச்சயம். அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். காரில் ஒன்றேகால் மணிநேரம் இருந்தது.

கஷ்டம் என்னவென்றால், ஓட்டுவது சறோ. நான் இல்லாத காலத்தில், அறுபத்துமூன்று வயதில், பழகி லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். ஸ்ட்ரெத்தம் தாண்டியதும் தொண்டையைச் செருமினேன். முன்னால் சந்தி, கதைக்க வேண்டாம் என்றாள். கட்ஃபோர்ட்டில் மறுபடி செருமினேன்.

“இல்லாத பிரேக்கை ஏன் மிதிக்கிறியள்? காப்பெட் தேயுது.”

மலாவியில் மினிபஸ்ஸில் மடியில் ஒருவருடைய கோழியை வைத்துக்கொண்டு நித்திரை கொண்டவன் நான். இங்கே இருபது மைல் வேகத்தில் கண்ணை மூட முடியவில்லை.

பிளாக்வோல் சுரங்கப்பாதைக்கு முன்னால் வாகனங்கள் நின்றுவிட்டன. நான் போகும்போது இலவசமாக இருந்த பாதை. இப்போது ஞாயிறுகளில் ஒன்றரைப் பவுண். இனி விட்டால் நேரமில்லை என்று வாயைத் திறந்தேன்.

“சறோ, ஜனவரியில திரும்ப வரச் சொல்லிக் கேக்கினம்.”

“ஆர், அந்த ஹெட்மாஸ்டரோ? உங்களுக்கு விருப்பமோ?”

மூன்று காரணங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். கணித ஆசிரியர் இல்லை என்பது முதலாவது. பாதியில் விட்ட வகுப்பு இரண்டாவது. மூன்றாவது மறந்துபோய், நினைக்காத ஒன்று வாயில் வந்தது. இங்கே என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை என்றேன்.

சுரங்கத்துக்குள் நுழைந்தோம். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

“டிராமில கண்டவனையும் எப்பிடி எழும்பினனீங்கள் எண்டு கேக்கிறியள். வந்து மூண்டு கிழமை. நான் எப்பிடி இருந்தனான் எண்டு ஒருக்கா கேட்டனீங்களோ?”

விமானநிலையத்திலிருந்து வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தேன். அங்கே கேட்டது, காரை யார் கொண்டுவந்தது என்று. வீட்டில் கேட்டது, என் கதிரை எங்கே என்று. அதற்குப் பிறகு நானே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“எப்பிடி இருந்தனீர், சறோ?”

“இப்ப கேளுங்கோ.” கொஞ்சத் தூரம் ஓட்டினாள். “நீங்கள் போன அண்டைக்குப் பழக்கத்தில பெரிய சட்டியில சோறு காய்ச்சிப்போட்டன். மூண்டு நாள் சாப்பிட்டன்.”

நான் புறப்பட்ட செப்டம்பரில் தொடங்கிய கதை நிற்கவில்லை. ஓட்டப் பழக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரராம். இவள் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்பாராம். இடையில் கதை முன்னுக்குப் பாய்ந்தது: முதல் லைசென்ஸ் சோதனையில் ஒரு புறாவுக்காக நடுத்தெருவில் நிறுத்தித் தவறிவிட்டாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். பார்க்கிங்கிற்குத் திரும்பும் இடம் கடந்து போனது. நான் கண்டேன், சொல்லவில்லை. டகெனம் வரை போய்த்தான் திரும்பினோம்.

மாணிக்கம் கதவைத் திறந்தார். “என்ன சார், ஜனவரிக்கு டிக்கெட் போட்டாச்சா?”

நான் சறோவைப் பார்த்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “அவசரப்படாதேங்கோ அண்ணை, நான் இப்பத்தான் ஒக்டோபருக்கு வந்திருக்கிறன்” என்றாள். மாணிக்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் சோறு போட்டார்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில தகவல்கள். சுரங்கப்பாதைக் கட்டணத்தை இணையத்தில் கட்டலாம், பிந்தினால் தண்டம் வரும். மதியத்துக்குப் போவதானால் பதினொன்றுக்கே புறப்படுங்கள். தொண்டுக்குப் போகிறவர்களுக்கு: திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். உங்கள் கதையைக் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம், அதை எதிர்பார்த்துத் திரும்ப வேண்டாம். வீட்டில் இருந்தவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். மூன்று கிழமை பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு நான் உதாரணம்.

இப்போது தினமும் பின்னேரத் தேநீருக்குச் சறோ கதையைத் தொடர்கிறாள். நேற்றுப் பெப்ரவரிக்கு வந்தோம். அந்த மாதம் பொயிலர் பழுதாகி ஒரு கிழமை குளிருக்குள் இருந்திருக்கிறாள். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் அங்க லைட் இல்லை எண்டு சொல்லேக்கை, நான் இஞ்ச சுடுதண்ணி இல்லை எண்டு சொல்லுறதோ?”

தலைமையாசிரியருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுதுமுன் எனக்கு மார்ச் மாதம் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.