ஆர்மோனியம் ஏறிய பாதை

கொடிமலைக்கு ஏற இரண்டு பாதை என்பது எங்கள் கோயில் பங்கில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒன்று கயிற்றுப்பாதை. அது ஆண்களுக்கு. மற்றது சுற்றுப்பாதை. காட்டுக்குள்ளால் நீளமாக வளைந்து, உருளைக்கல்லும் முள்ளுமாக ஏறும். அது பெண்களுக்கும் தண்ணீர்க் குடங்களுக்கும் கஞ்சிக் கிடாரத்துக்கும். இப்படிப் பிரித்தது யார் என்று கேட்டால் மூப்பர் பஸ்தியாம்பிள்ளை தொண்டையைச் செருமுவார். கோயில் காரியம் எல்லாவற்றையும் நடத்துகிற மனிதர் அவர். செருமினால் பதில் சொன்னதாகக் கணக்கு.

வற்புறுத்திக் கேட்டால் மூக்கால் இழுத்து இழுத்துச் சொல்லுவார்:

"கயித்துப்பாதை செங்குத்து, பிள்ளையள். குளவி இருக்கு. பாம்பு இருக்கு. கை வழுக்கினால் எலும்பு பொறுக்கத்தான் வரோணும். பொம்பிளையளுக்கு ஏன் அந்தக் கரைச்சல்?"

எங்களுக்குக் கரைச்சல் வேண்டாமென்ற அந்த இரக்கத்தைச் சுமந்துகொண்டுதான் நாங்கள் வருடா வருடம் இடுப்பில் குடத்தோடு ஏறினோம்.

கொடிமலை சீனன்குடாவுக்கு அப்பால், காட்டின் நடுவில் நிற்கிறது. உலகச் சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் அதன் உச்சியில் கொடிமரம் நட்டுக் கப்பல்களுக்குச் சைகை காட்டினானாம். அவன் போனபிறகு கொடிமரம் நின்ற இடத்தில் எங்கள் ஆட்கள் சிலுவை நட்டார்கள். புரட்டாதியில் சிலுவைத் திருநாளுக்கு ஏறி, பூசை கண்டு, கஞ்சி குடித்து இறங்குவோம்.

இன்பமலர் மாமி கஞ்சிக்காக ஏறியவர் இல்லை. இடியப்பம் அவித்துச் சீனன்குடாவில் வேலை செய்பவர்களின் வீடுகளுக்கு விற்றுப் பிழைத்தவர். அவருடைய வாயும் ஒரு இடியப்ப உரல்தான். உள்ளே எதைப் போட்டாலும் நூல் நூலாகப் பிழிந்து வெளியே விடும். கணவர் றொபேட் ஒரு வாடைக்காற்று நாளில் கடலுக்குப் போனார். வள்ளம் கரை ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. மற்றப் பெண்கள் தங்கள் சனத்துக்கு மெழுகுதிரி கொளுத்தச் சவக்காலைக்குப் போவார்கள். மாமிக்குப் போக ஒரு குழி இல்லை. கொடிமலை உச்சியில் நின்றால் கடல் முழுதும் தெரியும். அதனால் வருடத்துக்கு ஒரு மெழுகுதிரி, அங்கே, கடலைப் பார்த்து. அவருக்கு இருந்தது அவ்வளவுதான்.

எழுபத்தோராம் ஆண்டுத் திருநாளில், சுற்றுப்பாதையில், கிடாரத்தின் ஒரு காது மாமியின் கையில் இருந்தது. காலடியில் கல் உருண்டது. கஞ்சி சிந்தாமல் பிடித்துக்கொண்டார், கணுக்கால் முறிந்தது. பிறகு அது கோணலாக ஒட்டியது. அடுத்த வருடம் திருநாளுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் மூப்பர் எழும்பினார்.

"இன்பமலருக்குப் போன வருசம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனபடியால் இந்த முறை அவ ஏறத் தேவையில்லை. கீழ நிண்டு சைக்கிளுகளைப் பாக்கட்டும்."

"சைக்கிளையோ? மூப்பர், நான் அங்க என்ர மனுசனைப் பாக்கப் போறனான்."

"உம்மட காலுக்கு ஏலாது."

"இந்தக் கால் உங்கட கஞ்சியைத் தூக்கித்தானே முறிஞ்சது?"

"அதுக்குத்தான் சொல்லுறன், நோகாமல் இரும்."

"அப்ப கயித்துப்பாதையால விடுங்கோ. கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்யும் ஹெக்டர், பொல்லாத வீரன், கையைத் தூக்கினார்.

"மாமி, நீங்கள் கயித்தில தொங்கினால் மலை எங்கட பக்கம் சாய்ஞ்சிடும்!"

எனக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது. மாமி வெளியே வந்து மெழுகுதிரியை என் கையில் வைத்தார்.

"நீ கொண்டுபோய்க் கொளுத்து, பிள்ளை. கடலைப் பாக்க வை. சிலுவையைப் பாத்து வைச்சிடாதை, அந்தாளுக்குக் கடலில இருந்து தெரியாது."

திருநாளன்று அடிவாரத்தில் வழமையான கூத்து. கயிற்றுப்பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. அதன் மேலிருந்து கயிறு தொங்கும். ஹெக்டர் சாரத்தை மடித்துக் கட்டி, நெற்றியில் சிலுவை போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். முழங்கால் உரசி இரத்தம் வந்தது. "ஐயோ, கவனம்!" என்று நாங்கள் கத்தினோம். அந்தக் கத்தலுக்காகத்தான் இரத்தம் என்று அப்போது தெரியாது. ஒவ்வொருவராக ஏறி மறைந்தார்கள். நாங்கள் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் நடந்தோம்.

இனி மாமி சொன்னது.

சைக்கிள்களுக்கு நடுவில் மாமி குந்தியிருந்தார். கடைசியாக ஆர்மோனியம் வந்தது. இரண்டு பேர் அதைத் தூக்கி வந்தார்கள். பின்னால் ஒருவர் கதிரையோடு, அவருக்குப் பின்னால் அந்தக் கதிரையில் இருக்கப்போகிற புதுச் சுவாமியார். அவர்கள் கயிற்றைத் தொடவில்லை. பாறையைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள்.

மாமி யோசித்தார். அந்த ஆர்மோனியத்தை ஒவ்வொரு வருடமும் உச்சியில் கேட்டிருக்கிறார். ஒரு கட்டை உடைந்ததில்லை. துருத்தி கிழிந்ததில்லை.

"கயித்தில ஏறின பெட்டியில ஒரு கீறல் இல்லை, பிள்ளை. நடந்து ஏறின எனக்குக் கால் இல்லை. அது என்ன ஞாயம்?"

சைக்கிள்களைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு மாமியும் பாறையைச் சுற்றினார்.

கயிறு பாறையோடு முடிந்தது; அதன் பின்பக்கம் படிகள். கோயில் வாசலில் இருப்பதுபோல அகலமான, நல்ல சீமெந்துப் படிகள். கொடி கட்ட ஏறி இறங்கின வெள்ளைக்காரன் தன் கால் நோகாமல் கட்டியவை. ஒரு பக்கம் இரும்புக் கைபிடி. மேலே பாலை மர நிழல். மாமி கைபிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, ஏறத் தொடங்கினார்.

பாதி வழியில் ஒரு சீமெந்துத் தளம். அங்கே எங்கள் வீரர்கள் எல்லோரும் இருந்தார்கள். சிலர் மல்லாந்து படுத்துக் கிடந்தார்கள். பீடி புகைந்தது. நடுவில் மூப்பர், கையில் விரித்த சீட்டுகளோடு. மிக விரைவாக உச்சிக்குப் போனால் பெண்களுக்குச் சந்தேகம் வருமென்று அங்கே பொழுது போக்குவதுதான் வழமையாம்.

"மூப்பர், குளவி எங்கை?" என்றார் மாமி.

மூப்பர் செருமினார்.

"பாம்பு எங்கை? கையில இருக்கிறது பாம்போ, துரும்புச் சீட்டோ?"

"இல்லை, இன்பமலர்... இப்பவே போனால் மேல சரியான வெயில்..."

"அந்த வெயில் எங்களைச் சுடாதோ?"

ஹெக்டர் ஓடிவந்தார். "மாமி, கத்தாதேங்கோ. பொம்பிளையளுக்குத் தெரிஞ்சால் எல்லாரும் இதாலதானே வருவினம்."

"வந்தால் என்னடா, படி தேயுமோ?"

"ஆம்பிளையளெண்டு ஒரு மதிப்பு வேணுமே, மாமி."

கதிரையில் இருந்த சுவாமியார் வேர்வையைத் துடைத்தார். "நான் நினைச்சன், பொம்பிளையள் நேர்த்திக்கடனுக்காகத்தான் கஷ்டப்பட்டு அந்தப் பக்கத்தால வாறவை எண்டு."

"நேர்த்தி எங்கட, சுவாமி. கஞ்சி ஆருக்கு?"

அதற்கு மேல் மாமி நிற்கவில்லை. அவர்களைக் கடந்து ஏறினார். படிகள் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆண்கள் ஏறிவரும் பக்கத்துப் பற்றைக்குள் முடிந்தன; அதனால்தான் அவை எங்கள் கண்ணில் ஒருநாளும் படவில்லை.

நாங்கள் கிடாரத்தோடு மூச்சிரைக்க உச்சிக்கு வந்தபோது மாமி சிலுவையடியில் இருந்தார். நான் கிடாரத்தை இறக்கிவிட்டு ஓடினேன்.

"மாமி, எப்பிடி வந்தனீங்கள்?"

"படியால."

பிறகு கண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் வெடித்தது ஹெக்டரின் மனைவி கிறிஸ்டின் அக்கா.

"ஒவ்வொரு வருசமும் ஒரு கிழமைக்கு இந்த மனுசன்ர முழங்காலுக்கு எண்ணெய் தடவுறனான்! கட்டிலில கிடந்து என்ன முனகல், என்ன முக்கல்! தோளில கிடாரம் அமத்தின தழும்போட நான் பக்கத்தில இருந்து விசிறினனான்! பம்மாத்து! எல்லாம் பம்மாத்து!"

அந்த முனகலை அவர் செய்து காட்டினார். நான் இப்போது உங்களுக்குச் செய்து காட்டினாலும் அவ்வளவு நன்றாக வராது. ஒருவரும் சிரிக்கவில்லை.

பூசை நடந்தது. ஆர்மோனியம் வாசித்தது, கீறல் இல்லாமல். முடிந்ததும் ஆண்கள் கோப்பைகளோடு வந்தார்கள். கிறிஸ்டின் அக்கா கிடாரத்தின் மூடியில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"கஞ்சி வேணுமெண்டவை இறங்கிப்போய்ச் சுத்துப்பாதையால ஏறி வந்து குடியுங்கோ."

மூப்பர் செருமினார். இந்த முறை ஒருவரும் அதைப் பதிலாக எடுக்கவில்லை.

நான் மெழுகுதிரியை மாமியிடம் கொடுத்தேன். வெயிலில் என் மடிக்குள் வளைந்து போயிருந்தது. மாமி அதை நிமிர்த்தவில்லை. கடல் பக்கத்துக் கல்லில் நட்டார். காற்று மறைக்க நான் கைகளைக் குவித்தேன். இரண்டு குச்சி அணைந்தது; மூன்றாவது பிடித்தது.

"இஞ்சேருங்கோ," என்றார், கடலைப் பார்த்து. குரல் ஏறவில்லை. "உங்களிட்ட வாறதுக்குக் கைபிடி போட்ட படி இருந்திருக்கு. இவ்வளவு வருசம் ஒருத்தனும் வாய் திறக்கேல்லை. எனக்குக் கால் முறிஞ்சு கிடக்கேக்கையும் திறக்கேல்லை."

மெழுகுதிரி எரிந்து முடியும்வரை எழும்பவில்லை. பிறகு கைபிடியைப் பிடித்துக்கொண்டு மாமி முன்னுக்கு இறங்க, நாங்கள் எல்லோரும் பின்னால் படியால் இறங்கினோம். குடங்களையும் கிடாரத்தையும் ஒருத்தியும் தொடவில்லை.