மதில்மேல் வாய் திறக்காதவன்

எருசலேம் மதில்மேல் காவல் நின்றவர்களில் மத்தானைப் போல ராஜாவின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவன் வேறு ஒருவனும் இல்லை என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். விஷயம் தெரியாதவர்களின் வாயை யார் போய் அடைப்பது?

மத்தான் லாகீஸ் என்ற ஊர்க்காரன். அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை அண்ணன் கெமரியாவோடு சேர்ந்து பார்த்துவந்தான். அண்ணனுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கோணல். சிறுவயதில் ஒலிவ மரத்திலிருந்து விழுந்த மத்தானைத் தாங்கிப் பிடிக்கப் போய் ஒடிந்த கை அது. கட்டுப் போட்டவன் சரியாகப் போடவில்லை. எலும்பு வளைந்தே கூடிவிட்டது.

அசீரிய ராஜா படையோடு வருகிறான் என்றதும் கெமரியா தன் மனைவி திர்சாவை எருசலேமுக்கு அனுப்பிவிட்டான். அண்ணனும் தம்பியும் ஊரைக் காக்க நின்றார்கள். அசீரியர்கள் மண்ணும் கல்லும் கொட்டி மதில் உயரத்துக்குச் சரிவு கட்டி ஏறினார்கள். மதில் உடைந்த அன்று கெமரியா தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"சின்ன வாசல்கிட்டப் போய் நில்லுடா. பக்கத்து வீட்டுப் பெரியவரு படுத்த படுக்கையா கெடக்காரு, தூக்கிட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் நகராத."

மத்தான் நகர்ந்துவிட்டான். புகை வந்தது, அலறல் வந்தது, அண்ணன் வரவில்லை. கால் தானாக ஓடிவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். கால் என்றைக்குத் தானாக ஓடியிருக்கிறது?

எருசலேமில் திர்சா கையில் ஒட்டிய மாவோடு வாசலுக்கு ஓடிவந்தாள். மத்தானைப் பார்த்தாள், அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவரு எங்க?"

காத்திருக்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "போயிட்டாரு அண்ணி" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் அழுத அழுகையில் பதறிப்போய், "என் கையாலதான் அடக்கம் பண்ணேன். ஊருக்கு வெளியே, பாறையோரமா" என்று சேர்த்துச் சொன்னான். "நீயாவது பக்கத்துல இருந்தியே, அது போதும்" என்று அவள் அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் அசீரியர்கள் எருசலேமுக்கே வந்துவிட்டார்கள். மத்தானையும் மதில்மேல் காவலுக்கு நிறுத்தினார்கள். தூதன் ஒருவன் மதிலுக்குக் கீழே நின்று, எங்கள் யூதா பேச்சிலேயே, எங்கள் சந்தைக்காரனைப் போலக் கத்தினான். அரண்மனைக்காரர்கள் கூசிப்போய், "அரமேய மொழியில பேசுங்க ஐயா, எங்களுக்குப் புரியும், மதில்மேல நிக்கிற சனங்களுக்குக் கேக்க வேணாம்" என்று கெஞ்சினார்கள்.

"உனக்குப் புரிஞ்சு யாருக்கு லாபம்? மேல நிக்கிறானே, அவனுக்குப் புரியணும்! ஏய், உங்க ராஜா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே என்ன பண்றாரு, ஒளிஞ்சு விளையாடறாரா? லாகீஸும் மதிலைத்தான் நம்புச்சு. இந்தா, அந்த ஊர்க்காரங்களையே கூட்டிட்டு வந்திருக்கேன், கேட்டுக்கோ!"

யாரும் ஒரு வார்த்தை பதில் பேசக்கூடாது என்பது ராஜாவின் கட்டளை. மதில் முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றது. கீழே கைதிகளை வெறுங்காலோடு வரிசையாக நிறுத்தினார்கள். அந்த வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கோணல் கை.

"மத்தான்! டேய் தம்பி! பொழச்சிட்டியாடா! வாசல்ல உன்னைக் காணோம்னு எப்படித் தேடினேன் தெரியுமா! அவ வந்து சேர்ந்தாளா? ஒரு வார்த்தை சொல்லுடா!"

அவன் திட்டியிருந்தால்கூட மத்தான் தாங்கியிருப்பான். சந்தோஷப்படுகிறானே பாவி! பக்கத்தில் காவல் நின்ற ரொட்டிக்கடை யாகிம், "உன்னையா கூப்பிடறான்?" என்று கிசுகிசுத்தான். மத்தான் எதிரே இருந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையை ஆட்டியிருக்கலாம், கையைத் தூக்கியிருக்கலாம். ராஜா தடுத்தது பேச்சைத்தான். அது மத்தானுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தலை ஆடினால் திர்சாவிடம் சொன்னது அத்தனையும் அம்பலமாகிவிடும். கெமரியா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனான். பிறகு கைதிகளைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒருநாள் விடிந்தபோது மதிலுக்கு வெளியே அசீரியர்கள் போட்டிருந்த பாளையம் காலியாகக் கிடந்தது. அவர்கள் ஏன் போனார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெருவெல்லாம் பாட்டு, திராட்சரசம். "ஊர்க்காரன் ஒருத்தன் பேரைச் சொல்லிக் கத்தறான், நம்மாளு இமைகூடக் கொட்டலையே!" என்று யாகிம் மத்தானைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "யாரு மத்தான் அது?" என்று திர்சா கேட்டாள். "தெரிஞ்சவன்" என்றான்.

லாகீஸுக்குப் பாதை திறந்துவிட்டது. ஊருக்கே நிம்மதி தந்த அந்தச் செய்தி அவனுக்கு மட்டும் நிம்மதி தரவில்லை. இறந்தவனின் எலும்பைப் பொறுக்கி, அப்பா தாத்தாவோடு குகைக் கல்லறையில் சேர்த்தால்தான் எங்களில் ஒருவனுக்கு அடக்கம் முடிந்த மாதிரி. அடுத்த கோதுமை அறுப்பு முடிந்ததும் திர்சா கோணிப்பையோடு வந்து நின்றாள்.

"இடம் உனக்குத்தான தெரியும். கூட்டிட்டுப் போ."

வழியெல்லாம் சொல்லிவிட நினைத்து நினைத்து வேறெதையோ பேசினான். லாகீஸின் பாறையோரம் நிறைய மண்மேடுகள் இருந்தன. கண்ணில் பட்ட ஒன்றைக் கை காட்டினான். வெட்கங்கெட்ட கை!

திர்சா அவனைத் தோண்டவிடவில்லை, தானே தோண்டினாள். ஒவ்வொரு எலும்பையும் முந்தானையால் துடைத்து, பேரைச் சொல்லிச் சொல்லிப் பைக்குள் வைத்தாள். இடது கை எலும்பை எடுத்தவள் அதை விரலால் தடவினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. மறுபடியும் தடவினாள். நேராக இருந்தது.

"அவரு எங்க மத்தான்?"

இப்போது வாயை மூடு என்று சொல்ல எந்த ராஜாவும் இல்லை.

"உசுரோடதான் இருந்தாரு அண்ணி. மதிலுக்குக் கீழே நின்னு கூப்பிட்டது அவருதான். நான் பதில் சொல்லல."

அவள் அடிப்பாள் என்று நின்றான். அடித்திருந்தால் தேவலை. அவள் பையிலிருந்த எலும்புகளை ஒவ்வொன்றாகக் குழியிலேயே திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"இவரைத் தேடியும் எவளாவது வருவா" என்றாள். "அவகிட்டயாவது சரியான இடத்தைக் காட்டு."

காலிப் பையை அவன் காலடியில் போட்டுவிட்டு நடந்தாள். எருசலேம் பக்கம் போகவில்லை. கைதிகளை ஓட்டிக்கொண்டுபோன வடக்குப் பாதையில் போனாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை.