புளி போட்டுத் தேய்த்த அடுப்பு

அக்காவின் கடையில் இருக்கும் அடுப்பை ஒருவர் இருவரால் அசைக்க முடியாது. தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன சாப்பாட்டுக் கடை அது. அடுப்பு முழுக்க வார்ப்பிரும்பு. கீழே எரிவாயு பர்னர்கள், மேலே கட்டில் பலகை அகலத்துக்கு ஒரு தோசைக்கல். எனக்குச் சமையல் என்றாலே வேப்பங்காய். சுவா சூ காங்கில் என் வீட்டில் ஒட்டாத வாணலி ஒன்று இருக்கிறது, பூச்சு உரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவேன். ஆனால் அந்த அடுப்பின் முன்னால் நின்றால் கண்ணை எடுக்க எனக்கு மனம் வராது.

அப்படி ஒரு கறுப்பு அது. அக்கா குனிந்தால் அவள் மூக்குத்தியின் வெளிச்சம் கல்லில் தெரியும். கடை மூடும்போது சூடு ஆறுவதற்குள் தோசைத் திருப்பியால் சுரண்டுவாள். கல் உப்பைத் தூவி, மடித்த சாக்குத் துணியால் அழுத்தித் தேய்ப்பாள். பிறகு நல்லெண்ணெய் தொட்ட பழைய பருத்தித் துணியால் ஒரே ஒரு தடவை துடைப்பாள். எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் பிசுபிசுத்துவிடும் என்பாள். வாரம் ஒரு நாள் பர்னர்களைக் கழற்றி, ஓட்டைகளில் அடைத்திருக்கும் கரியைத் துடைப்ப ஈர்க்கால் குத்தி எடுப்பாள். அடுப்புப் பக்கம் யாரையும் அண்ட விடமாட்டாள், அத்தானையும்கூட. அவர் டீ போடுவார், கல்லாவில் உட்காருவார், அதோடு சரி.

இந்த வருடம் அவளுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகத்தான் ஆறியது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தாள். ஆனால் நிற்கத்தான் பயந்தாள். வீட்டில் காப்பி கலக்குவதற்குக்கூட நாற்காலி கேட்டாள். கைத்தடி இல்லாமல் ஓர் அடி வைக்கமாட்டாள். கடையில் தோசை நின்றுபோனது. ஆள் வைத்துப் பார்த்தார் அத்தான், சரிப்படவில்லை. கடைசியில் அக்காவே ஒரு நாள் முடிவாகச் சொன்னாள்.

"விஜயதசமி அன்னைக்குக் கடைக்கு வர்றேன். நின்னு ஒரு தோசை ஊத்திப் பாக்குறேன். முடியலைன்னா கடையைக் கொடுத்துடுவோம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அத்தானுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அக்கா வீட்டில் இருந்தாள். கடையில் பூஜை முடிந்து கற்பூர வாசம் இன்னும் போகவில்லை. கிரைண்டருக்குச் சந்தனம், கரண்டிகளுக்குக் குங்குமம், கால்குலேட்டருக்குக்கூட ஒரு பொட்டு. நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தவள் புது அடுப்பு வாங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கல் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதன் நடுவில் மூன்று சந்தனப் பொட்டு, சுற்றிலும் சாமந்தி மாலை.

அத்தான் புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பது போல அதைத் தேய்த்திருக்கிறார். புளியில் போகாததைக் கம்பிநாரால் எடுத்திருக்கிறார். அக்கா அத்தனை வருடமாக ஏற்றி வைத்திருந்த கறுப்பு முழுவதும் சாக்கடையில் போய்விட்டது. சந்தனப் பொட்டின் ஓரத்தில் அதற்குள் செம்மண் நிறத்தில் துரு கிளம்பியிருந்தது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு வெறும் இரும்பு கிடைத்தால் விடுமா?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களை ஏன் அவ அடுப்பைத் தொடவே விடலைன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா அத்தான்?" என்று கேட்டேன்.

"அவ திரும்பி வர்றப்போ எல்லாம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு நெனச்சேன் லா," என்றார். அவர் விரல்கள் புளியில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

உடனே அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய் காட்டிப் பழக்கலாம் என்றேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் எப்படித் தொடுவது? எனக்குப் பெரிய பக்தி எல்லாம் கிடையாது. ஆனாலும் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்தபோது எனக்கும் கை வரவில்லை. துரு மேல் கொஞ்சம் எண்ணெய் மட்டும் தொட்டு வைத்தேன். அக்காவிடம் சொல்கிற தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. கறுப்புப் போன கல்லில் மாவு ஒட்டும். முதல் தோசை கிழிந்தால் சாமியே கடையை விடச் சொல்லிவிட்டது என்பாள். அந்தப் பயம் எங்களைப் பிடித்து ஆட்டியது.

மறுநாள் காலையில் அக்கா டாக்சியிலிருந்து தடியை ஊன்றி இறங்கினாள். கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு மாலையை எடுத்தாள். கல்லைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஒரு தடவை தடவினாள்.

"புளியா?" என்றாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் தடியை அரிசி மூட்டை மேல் சாய்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு கரண்டி மாவை ஊற்றினாள். அது கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது. திருப்பியை விட்டால் நார் நாராகக் கிழிந்து வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது கணக்குல சேராது," என்றாள் அக்கா.

அதன் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கல்லைச் சுரண்டிக் காய்ச்சினாள். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, நடுவிலிருந்து ஓரம்வரை வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். எண்ணெயே இல்லை என்கிற அளவுக்குத் துணியால் துடைத்தாள். புகை எழும்பி அடங்கியதும் தீயைக் குறைத்து, மறுபடி எண்ணெய், மறுபடி துணி. வெள்ளையாக இருந்த இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. பிறகு பழுப்பானது. ஓரிடத்தில் புறாக் கழுத்து போல நீலம் ஓடி மறைந்தது. அதற்கப்புறம் எங்கிருந்தோ கறுப்பு வந்து மெல்லப் பரவியது. இரும்புக்குள் இத்தனை நிறம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் ஆபீசுக்குப் போன் பண்ணவும் மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்துப் பூக்கடை அம்மா புகையைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார், அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

நடுநடுவே மாவு ஊற்றிப் பார்த்தாள். இரண்டாவது தோசை பாதி வந்தது. அதற்கடுத்தது நடுவில் மட்டும் பிடித்தது. எந்தத் தோசையையும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மத்தியானம் போய், வெயில் தாழ்ந்து, எதிர்ச் சுவரில் நிழல் ஏறிய நேரத்தில் ஒரு தோசையின் ஓரம் யாரும் தொடாமலேயே கல்லைவிட்டு எழும்பியது. அக்கா அதைத் திருப்பியால் லேசாகத் தள்ளினாள். முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகையால் இல்லை.

அதை மடித்து அத்தான் தட்டில் போட்டாள். அப்போதுதான் நான் கவனித்தேன். அவளுக்காக அத்தான் காலையில் போட்டுவைத்த நாற்காலியில் நாள் முழுக்க எண்ணெய் டின்தான் உட்கார்ந்திருந்தது. அத்தானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா துணியை உதறி மடித்தாள். "நாளைக்கு மாவுக்கு அரிசி ஊறப் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

அத்தான் வாயில் தோசையோடு ஓடிப்போய், கைத்தடியை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அரிசி மூட்டையைப் பிரித்தார்.